பாலத்து இறக்கம்

சைக்கிளில் எனக்குப் பிடித்தது மிதிக்காத நேரம். நாலு மிதி நன்றாக மிதித்து வேகம் கூட்டிவிட்டுக் காலை அப்படியே நிறுத்தினால், பின்சக்கரத்தின் நடுவிலிருந்து டிக்டிக்டிக் என்று ஒரு சத்தம் கிளம்பும்; வண்டி தன்பாட்டுக்குப் போகும். அந்தப் பத்து இருபது விநாடிக்காகத்தான் மற்ற எல்லாப் பாடும். உடம்புக்கு நல்லது, பெட்ரோல் செலவு இல்லை, புகை இல்லை என்று சைக்கிளின் பெருமையாக எத்தனையோ சொல்கிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவை டாக்டரும் கலெக்டரும் சொல்ல வேண்டிய காரணங்கள். ரசிகனின் கணக்கு வேறு.

ஆதி சைக்கிள்களில் இந்தச் சலுகை கிடையாது. இன்றைய சைக்கிளின் உருவம் 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர் வண்டியில் வந்துவிட்டது. ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு சக்கரம், பின்சக்கரத்துக்குச் செயின். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரையும் கொடுத்துவிட்டார். ஆனால் பெடல் மட்டும் சக்கரத்தோடு பிணைந்தே கிடந்தது. சக்கரம் சுற்றுகிறவரை காலும் சுற்றியாக வேண்டும். இறக்கம் வந்தால் இரண்டு காலையும் தூக்கி, முன் போர்க்கில் அதற்கென்றே வைத்திருந்த கட்டைகள்மேல் வைத்துக்கொள்வார்களாம். கீழே பெடல்கள் பேய்பிடித்த மாதிரி தனியே சுற்றிக்கொண்டிருக்கும். 1890களின் கடைசியில்தான் பிரீவீல் பரவலாயிற்று. உள்பக்கம் பல் வெட்டிய ஒரு வளையம், அதில் மாட்டிக்கொள்ளும் இரண்டு சிறிய இரும்பு நாக்குகள், அவற்றை நிமிர்த்திப் பிடிக்க மெல்லிய கம்பி. மிதித்தால் நாக்கு பல்லில் மாட்டிச் சக்கரத்தை இழுக்கும். நிறுத்தினால் மடங்கிக்கொண்டு பற்களின்மேல் வழுக்கிப் போகும். அந்த வழுக்கலின் சத்தம்தான் டிக்டிக். மனிதன் செய்த இயந்திரங்கள் எழுப்பும் சத்தங்களில் இவ்வளவு ஆசுவாசமான ஒன்றை நான் கேட்டதில்லை.

சும்மா உருள இறக்கம் வேண்டும். நான் இருப்பதோ தஞ்சாவூரில். உயரமாக எதையாவது காட்டு என்றால் பெரிய கோயில் விமானத்தைத்தான் காட்ட முடியும். இந்த டெல்டாத் தரை கடலைப் பார்த்துக் கிழக்கே சரிகிறது என்பது தண்ணீருக்குத் தெரியும், சைக்கிள்காரனுக்குத் தெரியாது. அவனுக்கு மலை என்றால் ஆற்றுப்பாலம். இங்கே ஆறுகள் இரண்டு பக்கமும் மண்கரையை உயர்த்திக்கொண்டு ஓடுகின்றன. சாலை அந்தக் கரை உயரத்துக்கு ஏறி, தண்ணீரைத் தாண்டி, மறுபக்கம் வயல் மட்டத்துக்கு இறங்கியாக வேண்டும். ஆகவே எத்தனை ஆறோ அத்தனை மலை. தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு 13 கிலோமீட்டர். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறு. ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு இதைவிட நல்ல சாலையை யாரும் வேண்டுமென்றே திட்டம் போட்டுக்கூடக் கட்டியிருக்க முடியாது.

வடவாறு கரந்தையிலேயே வந்துவிடும். அங்கே பால் வண்டிக்கும் ஆட்டோவுக்கும் வழிவிட்டுக்கொண்டு போவதில் பாலம் வந்ததே தெரியாது. பள்ளியக்கிரகாரத்துப் பக்கம் வெண்ணாறு வரும்போதுதான் கால் விழித்துக்கொள்ளும். கியர் இல்லாத பெரிய சைக்கிளில் பாலம் ஏற இரண்டே வழி. தூரத்திலிருந்தே வேகம் பிடித்து வந்து அந்த வேகத்தின்மேல் பாதி ஏறிவிடுவது ஒன்று. பள்ளிக்கூடத்துப் பையன்கள் எல்லாரும் செய்வது. அடிவாரம்வரை நிதானமாக வந்து, சீட்டை விட்டு எழுந்து, உடம்பின் கனத்தை ஒவ்வொரு பெடல்மேலும் மாற்றி மாற்றி இறக்கி ஏறுவது இன்னொன்று. பால்காரர்களும் தபால்காரர்களும் இரண்டாவது கட்சி. நானும் இப்போது அந்தக் கட்சிதான். எழுந்து நின்றதும் ஹேண்டில்பார் இடமும் வலமுமாக ஆடும். அதை அடக்கக் கூடாது, கூடவே விட்டுக்கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் செயின் இழுபட்டு ஒரு முனகல் முனகும். மூச்சுக்கு ஒரு மிதி என்று வந்துவிட்டால் உச்சி நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அங்கே பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு மேலே முதலில் எதிர்க்கரை மரங்களின் தலை தெரியும், பிறகு தண்ணீர், தண்ணீர் இல்லாத மாதத்தில் மணலும் நாணலும். சீட்டில் உட்கார்ந்து இன்னும் இரண்டு மிதி. அப்புறம் கால் நின்றுவிடும். டிக்டிக்.

இந்த ஏற்றத்துக்கு ஆகும் செலவை ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். வண்டி 20 கிலோ, நான் 70 கிலோ, பாலம் மூன்று மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், உடம்பில் வீணாகும் சூட்டையும் சேர்த்து இரண்டரை மூன்று கிலோகலோரிதான் வருகிறது. ஒரு நிலக்கடலைப் பருப்பு போதும். சமதரையில் சைக்கிளின் சிக்கனம் இன்னும் ஆச்சரியம்: நடப்பதற்கு ஆகும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் அதே தூரம் போய்விடலாம் என்று ஆக்ஸ்போர்டு பொறியாளர் எஸ்.எஸ். வில்சன் 1973இல் ஒரு கட்டுரையில் காட்டினார். மீன், பறவை, குதிரை எதுவும் அவர் பட்டியலில் சைக்கிள்காரனுக்கு முன்னால் நிற்கவில்லை. கணக்கு இப்படி இருக்க, பாலம் ஏறி முடித்தவன் முகத்தில் இமயமலை ஏறிய தோரணை இருப்பது ஏன் என்று கேட்கக் கூடாது. கொடுத்தது கடலைப் பருப்பு என்றாலும் திரும்ப வாங்குவது முழுசாக ஒரு இறக்கம் அல்லவா?

இறக்கத்தில் எனக்கு ஒரு விளையாட்டு உண்டு. மறுபடி மிதிக்காமல் எதுவரை போக முடிகிறது என்று பார்ப்பது. எந்தப் பாலம் எந்தப் புளியமரம்வரை கொண்டுபோய் விடும், எது டீக்கடைக்குப் பத்தடி முன்னால் கைவிட்டுவிடும் என்பது பழக்கத்தில் தெரிந்துவிடும். டயரில் காற்று குறைந்திருந்தால் வண்டி மரத்துக்கு முன்னாலேயே நின்றுவிடும். எதிர்க்காற்று என்றால் அதுவும் இல்லை. புதிதாகக் கட்டும் அகலப் பாலங்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை. இரண்டு பக்கமும் நீளமான அணுகுசாலை போட்டு ஏற்றத்தைத் தேய்த்துவிடுகிறார்கள். லாரிக்கு நல்லது, பஸ்ஸுக்கு நல்லது. பழைய குறுகல் பாலத்தின் கூனலில் இருந்த ருசி அதில் வராது.

கண்டியூரில் வீரட்டானேசுவரர் கோயில் பக்கம் ஒரு கால் ஊன்றி நின்று தண்ணீர் குடிக்கலாம். அதற்குப் பிறகு குடமுருட்டி, உடனே காவிரி. இந்த இரண்டும் அடுத்தடுத்து வருவதில் ஒரு லாபம்: முதல் இறக்கத்தின் மிச்ச வேகத்தை இரண்டாவது ஏற்றத்துக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகலாம்.

இவ்வளவும் நடக்க வண்டி நன்றாக உருள வேண்டும். நன்றாக உருளும் வண்டியை விலை கொடுத்து வாங்கிவிட முடியாது. யாராவது ஒருவர் கையால் ஆக்கிக்கொடுக்க வேண்டும். நம் ஊர்க் கறுப்புப் பெரிய சைக்கிள், அதாவது 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், ஸ்பிரிங் வைத்த சீட், செயினை மூடிய தகரம் எல்லாம் உள்ளது, இங்கிலாந்துக்காரன் வரைந்த வண்டி. சென்னைக்குப் பக்கத்தில் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கி, ஹெர்குலிஸ் என்ற பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ராலி சைக்கிள் வாங்கிக் கொடுத்தால்தான் தாலி கட்டுவேன் என்று அடம்பிடித்த மாப்பிள்ளைகளின் கதை ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்றாவது இருக்கும். 20 கிலோவுக்கு மேல் கனம். ஒரு சுற்று மிதித்தால் ஐந்து மீட்டருக்குச் சற்று மேல் போகும். இதைவிட மெதுவாகவும் விடாது, வேகமாகவும் விடாது. முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 போக்ஸ் கம்பி, பின்னால்தானே மூட்டையும் மனைவியும் ஏறுகிறார்கள். முன் போர்க் நன்றாகச் சாய்ந்து நிற்பதால் குழியில் இறங்கினாலும் அதிர்ச்சி தோளுக்கு வருவதற்குள் பாதி கரைந்துவிடும். திருப்பினால் சாவகாசமாகத் திரும்பும். அவசரக்காரர்களுக்கு இந்த வண்டி எரிச்சலூட்டும் என்பதில் சந்தேகம் இல்லை.

கெட்டுப்போன சைக்கிள் தன் நோயைத் தானே சொல்லிவிடும். மிதிக்கு ஒரு முறை 'டக்' என்றால் கிராங்க்கைப் பிடித்திருக்கும் காட்டர்பின் தளர்ந்திருக்கிறது. சக்கரச் சுற்றுக்கு ஒரு முறை 'சரக்' என்றால் ரிம் கோணிப் பிரேக் கட்டையில் உரசுகிறது. செயின் கவரில் தாளம் தட்டினால் செயின் தொங்கிவிட்டது. கரகரவென்று இடைவிடாத அரைப்பு என்றால் உள்ளே பால்ஸ் உடைந்திருக்கலாம். அப்போதே இறங்கித் தள்ளிக்கொண்டு போவது உத்தமம். நல்ல வண்டியில் மிதிக்கும்போது டயர் தார்ச்சாலையைத் தடவும் சத்தம் ஒன்றைத் தவிர வேறு எதுவும் கேட்கக் கூடாது. மிதிக்காதபோது பிரீவீல் மட்டும். சைக்கிள் பாதி கண்ணால், பாதி காதால் ஓட்டுவது. இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் ஆபத்து என்று பயப்படுவதைவிட, பாதி சாப்பாட்டை இலையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்களே என்றுதான் எனக்குத் தோன்றும்.

வருஷத்துக்கு ஒரு முறை ஓவராயிலிங். நான் போகும் கடையில் பெரியவர் ஒருவர். வேப்பமரத்தடியில் கோணிச்சாக்கை விரித்து வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, பின்சக்கரத்தைக் கழற்றிக் கோனைத் திருகுவார். அலுமினியத் தட்டில் மண்ணெண்ணெய். அதில் பால்ஸ் உருண்டு விழும் சத்தத்திலேயே எத்தனை விழுந்தது என்று அவருக்குத் தெரியும். பின்சக்கரத்தில் பக்கத்துக்கு ஒன்பது, கால் அங்குலக் குண்டுகள். ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒன்றில் புள்ளி விழுந்திருந்தாலும் ஒன்பதையும் மாற்றிவிடுவார். "பழசுகூடப் புதுசைப் போட்டா புதுசையும் கெடுத்துடும்" என்று சொல்லிக்கொண்டே. கிண்ணத்தில் கிரீஸைக் கட்டைவிரலால் அப்பி, அதில் குண்டுகளை வரிசையாகப் பதித்து, ஆக்சிலைச் செருகிக் கோனை இறுக்குவார். இந்த இறுக்கத்தில்தான் அவருடைய முப்பது நாற்பது வருஷம் இருக்கிறது. கூடுதலாக இறுக்கினால் சக்கரம் பிடிக்கும். குறைந்தால் பக்கவாட்டில் ஆடும். கால் சுற்று இறுக்குவார், அரைக்கால் சுற்று தளர்த்துவார், ரிம்மைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார், தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி ஸ்பேனரை எடுப்பார்.

பிறகு சோதனை. சக்கரத்தை வலுவாகச் சுற்றி விடாமல், விரலால் மெல்லத் தள்ளிவிட்டுக் கையை எடுத்துவிடுவார். சக்கரத்தில் கனமான இடம் வால்வு இருக்கும் இடம். சக்கரம் மெதுவாகச் சுற்றி, வேகம் குறைந்து, வால்வு மேலே ஏற முடியாமல் திரும்பி வரும். எதிர்ப்பக்கம் கொஞ்சம் ஏறும். திரும்பும். ஊஞ்சல் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடி, ஆட்டம் சுருங்கிச் சுருங்கி, வால்வு சரியாக அடியில் வந்து நிற்கும். வால்வின் எடை எவ்வளவு இருக்கும்? அந்த எடைக்கே சக்கரம் கட்டுப்படுகிறது என்றால் உள்ளே தடையே இல்லை என்று அர்த்தம். "பாத்தீங்களா தம்பி, தானா வந்து நின்னுடுச்சு. இனிமே மிதிக்கிற வேலை உங்களுக்குப் பாதிதான்" என்பார். பாதி என்பது வியாபாரப் பேச்சு. ஆனால் அந்த வாரம் வெண்ணாற்றுப் பாலத்து இறக்கத்தில் புளியமரத்தைத் தாண்டி இன்னும் நாலு மரம் போவேன்.

கோட்டம் எடுப்பதும் பார்க்க வேண்டிய வேலை. சக்கரத்தைச் சுற்றிவிட்டு, போர்க்கில் கையை ஊன்றிக் கட்டைவிரல் நகத்தை ரிம்முக்கு மயிரிழை தள்ளி வைத்திருப்பார். எங்கே நகத்தைத் தொடுகிறதோ அங்கே கோணல். அந்த இடத்துப் போக்ஸ் கம்பியில் ஒரு பக்கம் இறுக்கி எதிர்ப்பக்கம் தளர்த்துவார். கம்பிகளை விரலால் சுண்டிக்கொண்டே போவார். ஒரே மாதிரி ஒலித்தால் எல்லாம் ஒரே இழுவையில் இருக்கின்றன. ஊரில் இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். சக்கரம் கோணினால் புதுச் சக்கரமே மாற்றிவிடலாம் சார் என்று சொல்லும் கடைகள் வந்துவிட்டன.

வார நாளில் சைக்கிள் வேறு அவதாரம். காய்கறிச் சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் போகும்போது யாரும் ரசித்துக்கொண்டு ஓட்டுவதில்லை, ரசனை தானே வந்து சேரும். தெருவில் தெரிந்தவர் எதிரே வந்தால் முதலில் கால் நிற்கும். டிக்டிக் சத்தம் கேட்டு அவரும் நிமிர்ந்து பார்ப்பார். "என்ன மாமா, உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டு அவர் "இருக்கேம்ப்பா" என்று முடிப்பதற்குள் வண்டி அவரைத் தாண்டும். நிற்க வேண்டுமென்றால் ஒரு காலைத் தரையில் ஊன்றினால் போதும். இறங்க வேண்டாம், ஸ்டாண்டு போட வேண்டாம். மோட்டார் சைக்கிளில் இந்தக் குசலம் நடக்காது, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கையை ஆட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் அரசு கொடுத்த சைக்கிள்களில் பிளஸ் ஒன் பிள்ளைகள் வருவார்கள். மூன்று பெண்கள் ஒருவரையொருவர் ஒட்டி, சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு, ஒருத்தி கை இன்னொருத்தி தோளில். பேச்சு முக்கியமான கட்டத்துக்கு வரும்போது மூன்று பேரும் ஒரே நேரத்தில் மிதிப்பதை நிறுத்திவிடுவார்கள். பின்னால் பஸ்காரர் ஹார்ன் அடித்துக் களைத்துப்போவார். சட்டப்படி அவர் பக்கம்தான் நியாயம். என் அனுதாபம் பெண்கள் பக்கம்.

இது சாதாரணமாகக் கிடைத்த காட்சி அல்ல. பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கல்லுடைக்கிற பெண்களும் விவசாயக் கூலிகளும் வயல்வெளியில் விழுந்து எழுந்து பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் போய், ஆண்கள் ஓட்டும் பார் வைத்த வண்டியையே எடுத்தார்கள். சிலருக்கு அதுதான் வசதியாகவும் இருந்தது: பாரில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம். அதுவரை கிணற்றடிக்கும் வேலைக்கும் யாராவது அழைத்துப்போகக் காத்திருந்தவர்கள், குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு தாங்களே கிளம்பினார்கள். சுகம் என்ற சொல்லுக்கு அவர்களிடம் பொருள் கேட்டால் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லியிருப்பார்கள்.

யாழ்ப்பாணத்துக்காரர்களிடமும் அப்படி ஒரு சைக்கிள் கதை உண்டு. 1990களில் மின்சாரமும் பெட்ரோலும் இல்லாத வருஷங்களில் குடாநாட்டின் போக்குவரத்தே சைக்கிளில்தான் நடந்தது. இரவானால் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவின் ஒயரை ரேடியோவில் கொடுத்துச் செய்தி கேட்டார்கள். டைனமோ என்பது ஆறு வோல்ட், மூன்று வாட் சமாசாரம். டயரோரத்தில் தலையை உரசிக்கொண்டு சுற்றும். வேகம் குறைந்தால் வெளிச்சம் மங்கும். சுற்றுகிற கை சோர்ந்தால் செய்தியும் மங்கியிருக்கும்.

நம் பக்கத்தில் டைனமோ போலீஸுக்குப் பயந்து வைத்துக்கொண்டது. விளக்கில்லாமல் போனால் பிடிப்பார்கள், டபுள்ஸ் போனால் பிடிப்பார்கள், முனிசிபாலிட்டி லைசென்ஸ் தகரம் இல்லாவிட்டால் பிடிப்பார்கள். காற்றைப் பிடுங்கிவிட்டு அனுப்புவது ஸ்தலத்திலேயே கொடுக்கும் தண்டனை. இன்றைக்குச் சைக்கிளை யாரும் பிடிப்பதில்லை. அது மரியாதையா அலட்சியமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சனி ஞாயிறுகளில் இப்போது வேறொரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடிவதற்குள் சாரை சாரையாக வருகிறார்கள்; தஞ்சாவூரிலும் நாலைந்து பேர் தென்படுகிறார்கள். உடம்பை ஒட்டிய சட்டை, தலைக்கவசம், பத்துக் கிலோகூட இல்லாத வண்டி, ஹேண்டில்பாரில் வேகம் காட்டும் பெட்டி. இவர்களில் சிலர் பிரெவே என்ற நெடுந்தூர ஓட்டத்துக்குப் போகிறார்கள்: 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்துக்குள், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முதலில் வருகிறவருக்குப் பரிசு கிடையாது, முடித்தவர் எல்லாரும் சமம். அந்த விதி எனக்கு மிகவும் பிடிக்கும். என் நண்பர் ஒருவர் இந்தக் கட்சி. காவிரிப் பாலத்தில் நான் நின்று மிதித்து மேல்மூச்சு வாங்கும்போது, பக்கத்தில் சின்னக் கியரில் காலைக் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டு, உட்கார்ந்தபடியே, "என்ன சார், இந்த வயசுல கியர் வாங்கிக்கக் கூடாதா?" என்பார். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்சும் கியர் என்பது 45 வயது தாண்டியவர்களுக்குத்தான் என்று கேலி செய்தவர். தன் பந்தயத்தில் 1937வரை கியர் மாற்றும் கருவியை அனுமதிக்கவே இல்லை. அவர் சொன்ன வயதைத் தாண்டியும் நான் வாங்கவில்லை என்றால் அது வீம்பு. ஆனால் கியர் வண்டிக்காரர்கள் இறக்கத்திலும் மிதிக்கிறார்கள். பெட்டியில் சராசரி வேகம் குறைந்துவிடுமாம். அங்கேதான் எனக்கும் நண்பருக்கும் சண்டை. பாலம் கொடுக்கும் இனாமைக்கூட வாங்கிக்கொள்ளத் தெரியாமல் என்ன சைக்கிள் ஓட்டம்?

நீண்ட ஓட்டத்துக்கு ஆசைப்பட்டால் மேற்கே கல்லணை. திருக்காட்டுப்பள்ளி வழியாகச் சுமார் 45 கிலோமீட்டர். இந்த வழியில் மலை என்பது காற்று. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேல்காற்று திருச்சியையும் தஞ்சாவூரையும் அடித்துக்கொண்டு போகும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைச் சைக்கிள்காரனைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும்; 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் நமக்கு எதிரே 25 கிலோமீட்டரில் காற்று வந்தால் 40இன் தடையைத் தள்ள வேண்டும். தலையைக் குனிந்து, கையை மடக்கி, முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு முறைபோட்டு முன்னே வர வேண்டியதுதான். மிதிப்பதை நிறுத்தினால் பத்தடியில் வண்டி நின்றுவிடும். பிரீவீலுக்கு அன்று காலை வேலையே இல்லை.

கல்லணையில் டீ குடித்துவிட்டு வண்டியைத் திருப்புவதுதான் அந்தப் பயணத்தின் நடுநாயகம். மேட்டூரை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள். அணையில் தண்ணீர் இருந்து, சொன்ன தேதியில் திறந்த வருஷமாக இருந்தால், ஜூன் மூன்றாம் வாரத்தில் கல்லணைக் கால்வாயில், தஞ்சாவூருக்குள் வந்தால் புது ஆறு என்போமே அதில், செம்மண் நிறத்துத் தண்ணீர் கரை தொட்டு ஓடும். கரையோரப் பாதையில் தண்ணீரும் கிழக்கே, காற்றும் கிழக்கே, நாமும் கிழக்கே. காலையில் முகத்தில் அறைந்த அதே காற்று இப்போது முதுகில் கை வைத்துத் தள்ளும். நம் வேகமும் காற்றின் வேகமும் ஒன்றாகும் ஒரு கட்டம் வரும். காதில் இரைச்சல் திடீரென்று நின்றுபோகும். சட்டை படபடக்காது. வியர்வை காயாமல் கழுத்தில் வழியும். அதுவரை காற்று மூடி வைத்திருந்த சத்தங்களெல்லாம், வாய்க்கால் மதகில் தண்ணீர் விழுவது, நாற்றங்காலில் யாரோ யாரையோ அழைப்பது, நம்முடைய செயினே கூட, தனித்தனியாகக் கேட்கும்.

தை, மாசியில் வேறொரு ருசி. சம்பா அறுவடை முடிந்து வைக்கோலையும், அதற்குப் பின்னால் உளுந்துச் செடியையும் சாலையிலேயே பரப்பிவிடுவார்கள். வண்டிச் சக்கரம் ஏறி ஏறித் தானே பிரிந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. சைக்கிள் அதன்மேல் போனால் சத்தம் சட்டென்று அடங்கி மெத்தென்று ஆகும். காய்ந்த உளுந்து நெற்று டயருக்கடியில் படபடவென்று வெடிக்கும். ரசித்துக்கொண்டே இருந்தால் போச்சு. வைக்கோல் செயினில் சிக்கி, பல்சக்கரத்தில் ஏறி, பிரீவீலின் இடுக்கில் போய்ச் சுற்றிக்கொள்ளும். உருள வேண்டிய நேரத்தில் பெடலும் சேர்ந்து சுற்றும். 1890களுக்குத் திரும்பிப் போனதுதான். இறங்கி உட்கார்ந்து, வண்டியைச் சாய்த்து, ஒவ்வொரு இழையாக உருவ வேண்டும். வரப்பில் நிற்கும் பெரியவர் "கத்தி இருந்தாக் குடுக்கட்டுமா தம்பி?" என்று அரிவாளை நீட்டுவார். அரிவாளால் பிரீவீல் வைக்கோல் எடுப்பதைப் பார்க்காதவர்கள் டெல்டாவில் சைக்கிள் ஓட்டவில்லை.

போகிறவர்களுக்கு: ஆறு மணிக்கு முன்னால் தஞ்சாவூரை விட்டுவிடுங்கள். கைப்பம்பு ஒன்றைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மாடல் வால்வுக்குப் பெட்ரோல் பங்க்கில் இருக்கும் காற்றுக் குழாய் பொருந்தாது. வால்வு டியூப் என்ற அந்த ரப்பர்த் துண்டு இரண்டு அங்குலம் சட்டைப்பையில் இருந்தால் இன்னும் நல்லது. திருவையாற்றில் அசோகா சாப்பிடலாம், பாசிப்பருப்பும் கோதுமை மாவும் நெய்யும் சேர்ந்து தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்குவது. சூடாக வாங்கி, இலையில், நின்றபடி. பாலத்தில் செலவழித்த கடலைப் பருப்புக்கு மேல் எத்தனையோ மடங்கு வட்டியோடு வந்துவிடும் என்று நண்பர் தன் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொல்வார். திரும்பும்போதும் ஐந்து பாலம் இருக்கிறது சார் என்று இன்னொரு நூறு கிராம் வாங்கிக்கொள்வேன்.